எலீராவுக்குப் பதிலாக நின்றவள்

ஹார்லன் குடாவில் ஐலாவைப் பற்றி விசாரித்தால், “எது, நிக்கிற ஐலாவா?” என்றுதான் கேட்பார்கள். ஊரில் வேறு ஐலா கிடையாது. ஆனாலும் அப்படிக் கேட்பதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம்.

நிற்பதுதான் அவள் வேலை. ‘விளக்குத்துறை’ என்ற தொலைக்காட்சித் தொடரின் நாயகி எலீரா. அந்த வேடத்தில் நடித்தவள் தாம்சின் கேர். தாம்சின் எங்கே நிற்பாளோ அங்கே முதலில் ஐலா நிற்பாள். விளக்குகளைத் திருப்புவார்கள், கேமராவை நகர்த்துவார்கள், முகத்தில் நிழல் விழுகிறதா என்று பார்ப்பார்கள். எல்லாம் சரியானதும் ஐலா விலகிக்கொள்ள, தாம்சின் வந்து அதே இடத்தில் நின்று நடிப்பாள். ஐலாவின் ஒரு விரல்கூடத் திரையில் வராது.

இந்த வேலை அவளைத் தேடி வந்ததே தனிக்கதை. ஊரின் மீன் தொழிற்சாலை மூடிய மறு வருஷம், மளிகைக் கடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். படப்பிடிப்புக் குழுவைச் சேர்ந்த ஒரு பெண் பின்னாலேயே வந்து அவள் உயரத்தையும் தோளையும் வைக்கோல் நிறத் தலைமுடியையும் பார்த்துக்கொண்டே நின்றாள். ஐலா திரும்பி, “என்ன வேணும்?” என்று கேட்டாள்.

“உங்களுக்கு ஒரு வேலை இருக்கு. சும்மா நிக்கணும், அவ்வளவுதான்.”

“எவ்வளவு நேரம்?”

“நாள் பூரா.”

“நான் சால்மனுக்குக் குடல் எடுத்தே பாதி ஆயுசு நின்னவ. அங்கே கத்தியும் பிடிக்கணும். இங்கே அதுவும் வேண்டாம்னா வரேன்.”

அப்படித்தான் போனாள். போன முதல் நாளே குழுவுக்கு அவளைப் பிடித்துவிட்டது. மழையில் நிற்கச் சொன்னால் நிற்பாள். கைப்பேசியை எடுக்க மாட்டாள். மூக்கு அரித்தால்கூடச் சொல்லிவிட்டுத்தான் சொறிவாள்.

தொடர் ஓட ஓட ஊரின் முகமே மாறிப்போனது. எலீரா கடற்கரை ஊர் ஒன்றின் மந்திர விளக்கைக் காப்பவள். அந்த விளக்கு எரிகிற வரை கடலுக்குப் போனவர்கள் கரை திரும்புவார்கள். இந்தக் கதையைப் பார்த்தவர்கள் எங்கெங்கிருந்தோ ஹார்லன் குடாவுக்கு வந்து, படகுத்துறையில் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். ஐலாவின் அக்கா ஹெல்வி தூண்டில் சாமான் விற்ற கடையில் இப்போது வெள்ளை மெழுகுவத்தியும் வெள்ளைப் பீங்கான் விளக்கும் விற்றாள். ஊர்க்காரர்கள் வந்தவர்களைக் கேலி செய்தார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் தாங்களும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள்.

ஐலாவின் புருஷன் டார்சி நண்டு பிடிப்பவன். அதிகம் பேச மாட்டான். ஊரில் அவனுக்கும் ஒரு பேர் இருந்தது. ‘முடிச்சு.’ அந்தப் பேர் வந்த கதையைச் சொன்னால்தான் மேலே போக முடியும்.

ஐலாவின் அப்பா ஓன்னி கோஸ்கெலா அந்தக் கரையில் பெரிய மீன்பிடிக்காரர். பின்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பேரன். ‘சைமா’ என்ற படகை வைத்திருந்தார். மனைவியின் பேர் அது. மனைவி இறந்த பிறகு படகோடுதான் பேச்சு. எண்பதை நெருங்கும்போது அவருக்கு மறதி வந்தது. முதலில் கண்ணாடியை மறந்தார், பிறகு நாட்களை, பிறகு திரும்பி வரும் வழியை. இரண்டு முறை கடலில் திசை தெரியாமல் நின்றவரைக் கடலோரக் காவல்படை இழுத்து வந்தது. மருத்துவர் சொல்லிப் பார்த்தார், மகள்கள் அழுது பார்த்தார்கள். ஐலா படகின் சாவியை ஒளித்தால் இன்னொரு சாவி எங்கிருந்தோ வந்தது. பேட்டரியைக் கழற்றி வைத்தால், காப்பிக் கடையில் அவரோடு உட்காரும் வெர்ன் தன்னுடையதைக் கொடுத்தான். “ஓன்னிக்கா கடல் தெரியாது? பொம்பளைங்க பேச்சைக் கேட்டா மனுஷன் வீட்டுக்குள்ளயே செத்துருவான்” என்றான்.

அந்த நவம்பரில் தென்கிழக்கிலிருந்து புயல் வந்தது. மதியமே டார்சி போய் எல்லாப் படகுகளையும் பார்த்து, மாமனாரின் சைமாவை இரட்டைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு வந்தான். பொழுது சாயும் நேரத்தில் சைமா படகுத்துறையில் இல்லை. குடாவின் வாயைத் தாண்டிப் போய், பாறையில் மோதி உடைந்தது. மறுநாள் பலகைகள்தான் கரைக்கு வந்தன. டார்சி சரியாகக் கட்டவில்லை, முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று ஊர் பேசியது. ஓன்னி மருமகன் முகத்தில் விழிக்கவே மறுத்தார். படகு போன பிறகு அவர் சீக்கிரமே தளர்ந்து, பக்கத்துப் பெரிய ஊரில் முதியோர் இல்லத்துக்குப் போனார். பேரன் பேத்திகள் பேரெல்லாம் மறந்த பிறகும் இது மறக்கவில்லை. “கயிறு கட்டத் தெரியாத பய” என்பார்.

காப்பிக் கடையில் வெர்ன் தினமும் ஏதாவது சொல்வான். “டார்சி, உன் ஷூ நாடாவைப் பாத்துக்க, அவுந்துறப் போகுது.” எல்லோரும் சிரிப்பார்கள். டார்சியும் சிரிப்பான். இப்படியே மூன்று வருஷம் போனது.

தொடரின் ஐந்தாவது சீசனின் முதல் பகுதியை எடுக்க ஆரம்பித்தபோது, ஐலாவிடம் வழக்கமான காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள், கதையை வெளியே சொல்லக் கூடாது என்று. இந்த முறை கூடுதலாக எச்சரித்தார்கள். எலீரா இருட்டின் பக்கம் போகப் போகிறாள். நான்கு வருஷம் விளக்கைக் காத்தவள், தானே அதை அணைக்கப் போகிறாள்.

கலங்கரை விளக்கத்தின் மேல்மாடம் போல உள்ளரங்கில் கட்டியிருந்தார்கள். எலீராவை வளர்த்த முதியவர் அவள் காலில் விழுந்து கெஞ்ச வேண்டும், கடலில் படகுகள் இருக்கின்றன, அணைக்காதே என்று. அவள் விரல்களால் சுடரை நசுக்க வேண்டும். கேமரா அவளைச் சுற்றி வட்டமாக வர வேண்டும். அந்த வட்டம்தான் அமையாமல் இழுத்துக்கொண்டிருந்தது. இயக்குநர் லூசியன், “ஐலா, நீங்க சும்மா நிக்காம அதைச் செஞ்சே காட்டுங்க. கை எங்கே போகுதுன்னு கேமராக்காரருக்குத் தெரியணும்” என்றார்.

முதியவராக நடித்த பெர்சிக்குத் தனக்குப் பதிலாக ஆளை நிறுத்துவது பிடிக்காது. அவரே வந்து மண்டியிட்டார். வசனத்தை அரைகுறையாக முணுமுணுக்காமல் முழுசாகவே சொன்னார்.

“வேண்டாம்மா. வேண்டாம். அது போச்சுன்னா எனக்கு வேற என்ன இருக்கு?”

ஐலா சுடரை இரண்டு விரலால் நசுக்கினாள். பெர்சியைப் பார்க்கவில்லை. அவர் தலைக்கு மேலே, கடல் இருக்க வேண்டிய பக்கம் பார்த்தாள். போய்விட்டதா என்று உறுதி செய்துகொள்கிறவள் மாதிரி சற்று நேரம் பார்த்தாள். பிறகு இரண்டு உள்ளங்கையையும் இடுப்பில் துடைத்துக்கொண்டாள், முதலில் வலது, அப்புறம் இடது, அவசரமில்லாமல்.

பெர்சி மண்டியிட்ட நிலையிலேயே இருந்தார். கேமராக்காரர் வட்டம் அமைந்துவிட்டது என்று சொல்ல மறந்துபோனார்.

கேமராக் காட்சியைக் காட்டும் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்த தாம்சின் எழுந்து வந்தாள். நல்ல பெண். ஐலாவுக்குக் குளிருமே என்று தன் கம்பளிக் கோட்டைக் கொடுப்பவள்.

“ஐலா, அந்தக் கையைத் துடைச்சீங்களே, அது எங்கேருந்து வந்துச்சு?”

“மீன் தொழிற்சாலைப் பழக்கம்.”

“நான் அதை எடுத்துக்கலாமா? உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?”

“எடுத்துக்கங்க. அதுல என்ன இருக்கு” என்றாள் ஐலா. போய்த் தேநீர் வாங்கிக் குடித்தாள்.

சைமாவை அவிழ்த்துவிட்டது அவள்தான்.

அன்று அப்பா மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கடலுக்குப் புறப்பட்டார். புயல் என்று சொன்னதற்கு, உன் அம்மா வெளியே இருக்கிறாள், கூட்டி வர வேண்டும் என்றார். ஐலா அதைக் கழற்றி அவரை அடுப்படியில் உட்காரவைத்து ரொட்டி வெட்டிக் கொடுத்துவிட்டு படகுத்துறைக்கு ஓடினாள். படகின் பக்கம் டார்சி போட்ட முடிச்சு இறுகி இருந்தது. அவிழ்க்க வெகுநேரம் பிடித்தது, நகம் இரண்டு உடைந்தது. துறையில் படகு கட்டும் கட்டையிலிருந்து கயிறு முழுவதையும் எடுத்துப் படகுக்குள் எறிந்து, காலால் படகைத் தள்ளினாள். காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. அப்பா வந்து சேர்ந்தபோது சைமா பாதிக் குடாவைக் கடந்திருந்தது. அவர் கட்டையைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். அவர் கோட்டை எடுத்துக்கொண்டு ஹெல்வி பின்னால் வந்துகொண்டிருந்தாள். ஐலா கையைத் துடைத்துக்கொண்டாள்.

“யார் கட்டினது? யாரு கட்டினது இதை?” என்று அப்பா கேட்டார்.

“டார்சி” என்றாள் ஐலா.

அது பொய்யும் இல்லை. டார்சிதான் கட்டியிருந்தான்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு முதல் பகுதி ஒளிபரப்பானது. ஊர் மண்டபத்தில் பெரிய திரை கட்டியிருந்தார்கள். ஹெல்வி வெள்ளை விளக்குகளை வரிசையாக ஏற்றிவைத்திருந்தாள். ஆளுக்கொரு பாத்திரத்தில் சாப்பாடு வந்தது, சால்மன் சூப், உருளைக்கிழங்குக் கூட்டு, ஏலக்காய் மணக்கும் பின்னல் ரொட்டி. வெளியூரிலிருந்து வந்தவர்கள் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்தார்கள்.

“ஐலா, இப்பவாவது சொல்லு, நல்லதா கெட்டதா?” என்று வெர்ன் கேட்டான்.

“படத்தைப் பாரு.”

“இவ வாயைத் திறக்க மாட்டா. ஆனா அந்த வாயை டார்சி கட்டிவெச்சிருந்தா தானா அவுந்திருக்கும்.”

மண்டபம் சிரித்தது. டார்சி சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தான்.

எலீரா படியேறினாள். முதியவர் காலில் விழுந்தார். அவள் சுடரை நோக்கிக் கையை நீட்டியதும் முன்வரிசைப் பெண் ஒருத்தி “வேண்டாம், வேண்டாம்” என்று நிஜமாகவே கத்தினாள். சுடர் நசுங்கியது. திரையில் எலீரா முதியவரின் தலைக்கு மேலே கடலைப் பார்த்தாள். கணினியில் அவள் கண்ணுக்குள் கறுப்பை ஊற்றியிருந்தார்கள். பிறகு அவள் இரண்டு உள்ளங்கையையும் இடுப்பில் துடைத்தாள், முதலில் வலது, அப்புறம் இடது.

மண்டபத்தில் முனகலும் சீழ்க்கையும் எழுந்தன. யாரோ அழுதார்கள். ஹெல்வி மட்டும் திரையைப் பார்க்கவில்லை. நாற்காலியில் திரும்பி, தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்து பாத்திரம் கழுவும்போது மண்டபத்தின் அடுக்களையில் அக்காவும் தங்கையும்தான் இருந்தார்கள். ஹெல்வி குழாயை மூடினாள்.

“அன்னைக்குப் படகுத்துறையில நீ இப்படித்தான் துடைச்சே.”

“என்னைக்கு?”

“விளையாடாதே ஐலா. அப்பாவோட கோட்டை நான்தான் வெச்சிருந்தேன். அவர் அழறாரு, நீ அவரைப் பாக்கவே இல்ல. அந்தப் பக்கம் பாத்துக்கிட்டுக் கையைத் துடைச்சே. பாவம் நீ, அதிர்ச்சியில நிக்கிறேன்னு நினைச்சேன்.”

ஐலா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். “ஆமா. நான்தான் அவுத்து விட்டேன்” என்றாள்.

வாசலில் சூப் பானையோடு டார்சி நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. பானையை மேடைமேல் வைத்தான்.

“அது எனக்குத் தெரியும்” என்றான்.

இருவரும் அவனைப் பார்த்தார்கள்.

“படகுல முடிச்சு அவுந்திருந்தா கயிறு கட்டையில தொங்கும். அறுந்திருந்தா பாதி இருக்கும். மறுநாள் போய்ப் பாத்தேன், கட்டையில ஒண்ணுமே இல்ல. உன் நகமும் உடைஞ்சிருந்துச்சு. அப்பாவைக் காப்பாத்தத்தானே செஞ்சே, எதுக்கு ஊரைக் கூட்டணும்னு விட்டுட்டேன்.”

“அப்போ மூணு வருஷமா எதுக்கு வெர்ன்கிட்ட பேச்சு வாங்கினே?” என்றாள் ஹெல்வி.

“வெர்ன் பேசறது பேச்சா? மழை பெய்யுது, நனையறோம்.” டார்சி மனைவி பக்கம் திரும்பினான். “ஒண்ணு மட்டும் கேக்கணும். கிழவரு தானா நினைச்சுக்கிட்டாருன்னுதான் நான் இத்தனை நாளா நினைச்சேன். மதியம் நான் கட்டினது அவருக்கு எப்படித் தெரியும்? அவரு வீட்டுக்குள்ளதானே இருந்தாரு?”

“அவரு கேட்டாரு. நான் உன் பேரைச் சொன்னேன்.”

டார்சி தலையை ஆட்டினான். சட்டைக் கையை மடக்கிக்கொண்டு பானையைக் கழுவினான். சுத்தமாகக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தான். மறுநாள் காலை தன் படகில் நண்டு பிடிக்கும் கூண்டுகளை ஏற்றிக்கொண்டு வடக்கே போனான். வழக்கமாக அன்று சாயங்காலமே திரும்புகிறவன் அந்த வாரம் முழுக்க வரவில்லை. ஒரே ஒரு செய்தி அனுப்பினான்: நாய்க்கு மருந்து கொடு.

அவன் திரும்பி வந்து படகைக் கட்டிய காலையில் ஐலா காப்பிக் கடைக்குப் போனாள். படப்பிடிப்பு இல்லாத நாள். வெர்னும் மற்ற மீன்பிடிக்காரர்களும் ஜன்னலோர மேசையில் இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் டார்சியும் உள்ளே வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தான். வெர்ன் ஜன்னல் வழியே படகுத்துறையைப் பார்த்தான்.

“வந்துட்டியா முடிச்சு? உன் படகு இன்னும் அங்கேயே இருக்கே, ஆச்சரியமா இருக்கு.”

ஐலா தன் மேசையிலிருந்து எழுந்தாள். “வெர்ன், சைமாவை அவுத்து விட்டது நான். அவன் நல்லாத்தான் கட்டியிருந்தான். அவுக்க முடியாம நகம் ரெண்டு போச்சு. இனிமே அவனை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடாதே.”

கடைக்காரி காப்பி ஊற்றுவதை நிறுத்தினாள். டார்சி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீயா? ஓன்னியோட படகையா?” வெர்னுக்குக் குரல் மாறியிருந்தது. “அது உங்கம்மா பேர் வெச்ச படகுடி.”

“தெரியும்.”

“மனுஷன் உயிரே அதுலதான் இருந்துச்சு.”

“உயிரு போகாம இருக்கத்தான் அவுத்தேன். நீ பேட்டரி குடுத்தியே, அது எதுக்குன்னு நினைச்சே?”

வெர்ன் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அவனோடு இன்னும் இருவர் போனார்கள். காப்பிக்குக் காசு வைக்கவும் மறந்துவிட்டார்கள்.

அதன் பிறகு ஊரில் ‘முடிச்சு’ என்ற பேர் ஒழிந்தது. ஆனால் வயதான மீன்பிடிக்காரர்கள் பலர் ஐலாவோடு பேசுவதை விட்டார்கள். ஒருவனுடைய படகை அவிழ்ப்பது அந்தக் கரையில் சின்ன விஷயம் இல்லை. மளிகைக் கடையில் அவள் ஒரு பக்கம் வந்தால் அவர்கள் மறுபக்கம் திரும்பினார்கள். பெண்களில் சிலர், நாங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம் என்று அடுக்களை வாசலில் நின்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதே நாட்களில் வெளியூர்க்காரர்கள் முன்னைவிட அதிகமாக வந்தார்கள். இப்போது கறுப்பு அங்கி. கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை. கெட்டுப்போன எலீராவை அவர்களுக்கு நல்ல எலீராவைவிடப் பிடித்திருந்தது. ஒரு பேட்டியில் தாம்சின், கையைத் துடைப்பது தனக்குப் பதிலாக நிற்கும் பெண்மணியிடம் கற்றது என்று மனம் திறந்து சொல்லியிருந்தாள். நன்றி சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள். அதிலிருந்து ஐலாவைப் படகுத்துறையில் கண்டால் பிடித்துக்கொண்டார்கள். “ஒரே ஒரு தரம் செஞ்சு காட்டுங்களேன், படம் எடுத்துக்கறோம்.” அவள் முடியாது என்றாள். மறுபடி கேட்டால் மறுபடி முடியாது என்றாள். ஹெல்வி விற்காமல் கிடந்த வெள்ளை விளக்குகளுக்கு உட்கார்ந்து கறுப்புச் சாயம் அடித்தாள்.

அக்டோபரில் ஐலா அப்பாவிடம் சொல்லப் போனாள். ஓன்னி ஜன்னலருகே சக்கர நாற்காலியில் இருந்தார். ரொட்டியைக் காப்பியில் நனைத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்.

“அப்பா, சைமாவை அவுத்து விட்டது நான். டார்சி இல்ல.”

அவர் மென்றுகொண்டே, “ரொட்டியில ஏலக்காய் கம்மி” என்றார்.

அடுத்த ஞாயிறு மறுபடி சொன்னாள். இந்த முறை காதில் ஏறிவிட்டது. தட்டைத் தூக்கி எறிந்தார். அம்மாவின் பேரைச் சொல்லிக் கத்தினார், பின்னிஷில் அவள் சிறுவயதில்கூடக் கேட்டிராத வசவுகளைச் சொன்னார். தாதிகள் வந்து அவளை வெளியே போகச் சொன்னார்கள். வாகனம் நிறுத்துமிடத்தில் டார்சி காத்திருந்தான். ஓன்னி பார்க்க மாட்டார் என்பதால் அவன் உள்ளே வருவதில்லை.

“கேட்டாரா?”

“கேட்டாரு.”

அதற்கடுத்த ஞாயிறு ஓன்னி மகளைச் சிரித்த முகத்தோடு வரவேற்றார். நலமா என்று கேட்டார். பிறகு, “உன் புருஷன் எங்கே, அந்தக் கயிறு கட்டத் தெரியாத பய?” என்றார். ஐலா மறுபடி முதலிலிருந்து சொன்னாள். அவர் மறுபடி முதல் தடவை கேட்பது போலவே கேட்டு மறுபடி அழுதார். நவம்பர் முழுக்க இப்படி நடந்தது. சில வாரம் புரியும், சில வாரம் புரியாது. புரிந்த வாரமெல்லாம் அவருக்கு அன்றுதான் படகு போனது.

ஒரு ஞாயிறு காரில் ஏறியதும் டார்சி சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தான்.

“போதும் ஐலா. விட்டுரு.”

“உன்னை அவர் திட்டறது எனக்கு...”

“அவர் என்னைத் திட்டினா பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும். நீ சொன்னா சாயங்காலம் வரைக்கும் அழறாருன்னு தாதி சொல்றா. யாருக்காகச் சொல்றே நீ? எனக்காகவா? ஊருக்குச் சொன்னியே, எனக்கு அது போதும்.”

“நீ கோபமா இருக்கியா?”

“இருக்கேன்” என்றான் டார்சி. “அது பாட்டுக்கு இருக்கட்டும். போகும்போது போகும்.”

அதற்குப் பிறகு அவள் அப்பாவிடம் சொல்லவில்லை. டார்சி அந்த மாதமே ஒருநாள் உள்ளே வந்தான். ஓன்னி அவனை யாரென்று அறியாமல், நல்ல உடல்வாகு, எந்தப் படகில் வேலை என்று விசாரித்தார். இருவரும் நண்டு விலையைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள். பிறகு ஓன்னி அவனிடமே, “எனக்கு ஒரு மருமகன் இருக்கான், கயிறு கட்டத் தெரியாது” என்றார். டார்சி, “அப்படி ஆளுங்க இருக்காங்க” என்றான்.

ஓன்னி பிப்ரவரியில் தூக்கத்தில் இறந்தார். சாம்பலைக் குடாவின் வாயில் கரைக்க டார்சியின் படகில் போனார்கள். கிளம்பும் நேரத்தில் வெர்ன் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு படகுத்துறைக்கு வந்தான். யாரும் கூப்பிடவில்லை. ஐலா நகர்ந்து இடம் விட்டாள். போகும்போதும் வரும்போதும் அவன் அவளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இறங்கும்போது மட்டும் கை நீட்டி அவளை மேலே தூக்கிவிட்டான்.

அந்தச் சீசனின் கடைசிப் பகுதியில் எலீரா மறுபடி வெளிச்சத்துக்குத் திரும்புகிறாள். மார்ச் மழையில் படகுத்துறையிலேயே எடுத்தார்கள். விளக்குகளைத் திருப்பித் திருப்பி வைக்க, ஐலா பிளாஸ்டிக் அங்கிக்குள் நின்றாள். தாம்சின் குடையோடு பக்கத்தில் வந்தாள்.

“இருட்டுக்குப் போனது உங்களாலதான் சுலபமா இருந்துச்சு. இது எனக்குச் சரியா வரல. திரும்பி வரும்போது அவ எப்படி நிப்பா, சொல்லுங்களேன்.”

ஐலா யோசித்தாள். தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாள், இப்போது அவள் எதையும் ஒளிப்பதில்லை.

“தெரியலம்மா. அப்படி நான் நின்னதில்ல. பெர்சியைக் கேட்டுப் பாருங்க” என்றாள்.

கேமராக்காரர் இடது பக்கம் ஓரடி நகரச் சொன்னார். அவள் நகர்ந்து நின்றாள்.